ஒரு விரல் தூக்கினால் போதும்

போன மாதம் என் பழைய தோழியின் மகள் ஜெனிஃபர் தொலைபேசியில் கூப்பிட்டாள். தனியார் ஜெட் விமானம் ஒன்றில் பணிப்பெண்ணாகச் சேர்ந்திருக்கிறாள். அந்த விமானத்தின் கழிவறையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். கதவு, ஆளுயரக் கண்ணாடி, வெந்நீர்க் குழாய், பக்கத்தில் ஆர்க்கிட் பூ. எங்கள் வீட்டுக் குளியலறை அதன் பாதிகூட இல்லை.

"ஆண்டி, உங்க காலத்து சின்ன பிளேன்ல டாய்லெட்டே கிடையாதாமே? அம்மா சொன்னாங்க. அப்ப பேசஞ்சர்ஸ் என்னதான் பண்ணாங்க?"

"அடக்கினாங்க."

"ஐயோ, சீரியஸா சொல்லுங்க லா."

சீரியஸாகத்தான் சொன்னேன். ஆனால் அவளுக்கு அவசரம், எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தாள். பாதியிலேயே வைத்துவிட்டாள். மீதியை இங்கே எழுதுகிறேன். முகம் சுளிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்ததைப் படிக்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் கூச்சம் போய் ரொம்ப காலமாகிறது.

எழுபதுகளின் நடுவில் சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் இருந்த ஒரு சிறிய வாடகை விமான கம்பெனியில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். எண்ணெய்க் கிணற்று இஞ்சினியர்கள், மரக் கம்பெனி முதலாளிகள், அவ்வப்போது நோயாளிகள் என்று சுமத்ரா, ஜாவா, போர்னியோ பக்கம் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் கம்பெனியின் தொழில். ஆறேழு பேர் உட்காரும் இரட்டை இஞ்சின் விமானங்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. விமானிக்கும் பயணிக்கும் நடுவே கதவு கிடையாது, திரைகூடக் கிடையாது. பெண் பயணிகள் வரும்போது துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்றார்கள். ஆபீஸில் இருந்த ஒரே பெண் நான். அப்படித்தான் நான் விமானம் ஏறினேன். ஜாலான் புசாரில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டில் என் மாமியார் இதை எப்படிச் சொல்லிக்கொண்டார் தெரியுமா? "என் மருமக ஆகாசத்துல ஆபீசர்!" ஆகாசத்தில் நான் எதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

எனக்கு மேலே இருந்தவர் கேப்டன் அருளப்பன். கட்டையான உருவம், முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, எந்நேரமும் வாயில் ஒரு இஞ்சி மிட்டாய். மைக்கில் பேசினாலும் கத்தித்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடமாட்டார். விமானம் கிளம்பும் முன் சிலுவை போட்டுக்கொள்வார். ஆனால் அதற்கும் முன்னால் அவர் செய்யும் சடங்கு ஒன்று உண்டு. கம்பெனியின் விமானக் கொட்டகைக்குப் பின்பக்கம் இருந்த கழிவறை வாசலில் கைகட்டி நின்றுகொள்வார். பயணிகளை ஒவ்வொருவராகப் பார்ப்பார்.

"போயிட்டு வந்தாச்சா?"

"எனக்கு வரலை கேப்டன்."

"வரலைன்னாலும் போங்க. போய் நில்லுங்க. அதுவே வரும்."

கோடீஸ்வரர், இஞ்சினியர், கம்பெனி முதலாளி யாராக இருந்தாலும் இதே பாட்டுத்தான். ஒரு டச்சுக்காரர் கோபித்துக்கொண்டு எங்கள் முதலாளியிடம் புகார் சொன்னார். முதலாளி கேப்டனைக் கூப்பிட்டுக் கேட்டார். கேப்டன் அவரையும் பார்த்து, "சார், நீங்க போயிட்டு வந்தாச்சா?" என்றார். அதோடு புகார் முடிந்தது.

அவர் சொல்லும் கணக்கு எளிமையானது. விமானத்தின் டேங்க் ஆறு மணி நேரம் தாங்கும், மனிதனின் டேங்க் மூன்று மணி நேரம் தாங்கும். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. மேலே காற்று வறட்சி, குடிக்காவிட்டால் தலைவலியும் மயக்கமும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். காப்பியும் தேநீரும் மட்டும் கூடாது. இதில் நம்மவர்களோடுதான் பெரிய போராட்டம். தமிழர்கள் நிறைந்த தேக்கா பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பயணம் கிளம்பினால் வழியனுப்ப நாலு குடும்பம் வரும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஃபிளாஸ்க் கொண்டு வரும். "ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்று ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். கேப்டன் ஓரமாக நின்று எண்ணெயில் கடுகாகப் பொரிவார்.

விமானத்தில் வைத்திருந்த சாமான்களையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கு வாய் அகன்ற, திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில். கண்ணாடி உதவாது, குலுங்கினால் உடையும். பெரிய விஷயத்துக்கு மூடி போட்ட ஒரு வாளி, உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை, பைக்குள் மரத்தூள். மரத்தூளை நான்தான் எங்கள் தெருவில் இருந்த தச்சுப் பட்டறையிலிருந்து அள்ளி வருவேன். பாட்டிலை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக் கூடாது. மூடியைத் திருகியபின் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு கீழே சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். அந்த உப்பு அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பார் கேப்டன். சில விமானங்களில் புனல் வைத்த குழாய் ஒன்று வெளியே போகும். அதை அவர் அடைத்துவைத்துவிட்டார். "கடல்மேல மீன்பிடிக்கிறவன் என்ன பாவம் பண்ணான்?" என்று கேட்டார்.

பெண்களுக்குத்தான் வழி இல்லாமல் இருந்தது. ஒருமுறை ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் குடும்பத்தை சுமத்ராவில் இருக்கும் மேடானுக்கு ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனோம். மழையில் இறங்க முடியாமல் வானத்திலேயே சுற்றினோம். பட்டுப்புடவையில் இருந்த அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். பொதுக் குழாயடியில் மலாய்ப் பெண்கள் கைலி போன்ற சாரோங்கை மார்போடு கட்டிக்கொண்டு, ஓர் அங்குலம் உடம்பு தெரியாமல் குளித்து, உடுப்பும் மாற்றிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இரண்டு பெரிய சாரோங்கை ஒன்றாகத் தைத்து, கழுத்துப் பக்கம் எலாஸ்டிக் கோத்தேன். தலைவழியாகப் போட்டுக்கொண்டால் ஆள் ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்த மாதிரி. உள்ளே வாளியை வைத்துக்கொண்டு எது வேண்டுமானாலும் செய்யலாம், வெளியே முகம் மட்டும் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேப்டன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்திராணி, இதைக் கண்டுபிடிச்சவங்களுக்குச் சிலை வைக்கணும்" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இன்றுவரை அதுதான் பெரியது.

கடைசியாக ஒரு சைகை. இஞ்சின் சத்தத்தில் பின்னால் இருப்பவர் பேசுவது கேட்காது, கத்திச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி, ஒன்றுக்கு ஒரு விரல், இரண்டுக்கு இரண்டு விரல். விரலைத் தூக்கினால் நான் சாமானோடு வருவேன். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். கேப்டன் கிளம்பும் முன் பயணிகளுக்கு இதைச் சொல்லிவிட்டு, "கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டோம்" என்று முடிப்பார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறும். ஏன் என்று எனக்குப் பல வருடம் தெரியாது.

தெரிந்தது நடராஜன் சார் வந்த அன்றுதான்.

நடராஜன் சார் செராங்கூன் ரோட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். போர்னியோவில், கோத்தா கினபாலுவில் இருந்த மகளைப் பார்க்க மனைவி பாக்கியத்தம்மாளோடு போனவர், அங்கே வாசல்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். சிங்கப்பூரில் அறுவைச் சிகிச்சை. மகள் எங்கள் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினாள். பெயரைக் கேட்டதும் கேப்டன், "இந்த ஃபிளைட் என்னோடது. வேற யாரும் போக வேணாம்" என்றார்.

முன்னால் இருந்த இரண்டு இருக்கைகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் பொருத்தினோம். சாரின் தலை விமானியின் இருக்கைக்கு நேர் பின்னால் வரும். கோத்தா கினபாலு டாக்டர் காலைக் கட்டிப் பலகை வைத்து, வலிக்கு ஊசியும் போட்டு அனுப்பினார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கால் அசையவே கூடாது. எலும்பு நகர்ந்து ரத்தக்குழாயைக் கிழிச்சா வானத்துல யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று எச்சரித்தார்.

கேப்டன் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் பார்த்த வரையில் அவர் யார் முன்னாலும் கைகட்டிக் குனிந்து நின்றதில்லை. அன்றைக்கு நின்றார்.

"சார், நான் அருளப்பன். மூணாவது பெஞ்ச்."

சார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வாய்ப்பாடு வராதே, அந்த அருளப்பனா?"

"அதே அருளப்பன்தான் சார்."

"இப்ப பதிமூணாம் வாய்ப்பாடு தெரியுமா? நீதானே இதை ஓட்டப் போற?"

பாக்கியத்தம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். கேப்டன் சிரித்தார். பிறகு தன் வழக்கமான கேள்விக்கு வந்தார். "சார், போயிட்டு வந்தாச்சா?"

சாரின் முகம் சிவந்தது. "ஆச்சு, ஆச்சு" என்றார்.

ஆகவில்லை. விடியற்காலையிலிருந்தே ஆகவில்லை. இதைப் பாக்கியத்தம்மாள், விமானம் எழுந்து கடலுக்கு மேல் போய் வெகுநேரம் கழித்துத்தான் என் காதில் சொன்னார். மகளின் வீட்டுச் சனம் மொத்தமும் வழியனுப்ப வந்து, ஆளுக்கு ஒரு டம்ளர் என்று பார்லித் தண்ணீரைச் சாருக்குப் புகட்டியிருக்கிறது.

நான் பாட்டிலை எடுத்துப் போனேன். சாரோங்கை ஸ்ட்ரெச்சருக்கு மேல் திரையாகப் பிடித்தேன். சார் தலையை ஆட்டினார். "எனக்கு ஒண்ணும் வேணாம்மா." நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. வயிற்றின் கீழ்ப்பக்கம் போர்வைக்கு மேலேயே மேடாகத் தெரிந்தது. நல்ல கால் தானாக உதறிக்கொண்டது. அது உதறும்போதெல்லாம் உடம்பு முறுக்கிக் கட்டுப்போட்ட காலும் இழுபட்டது. எனக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

கேப்டனிடம் போய்ச் சொன்னேன். அவசரமென்றால் வழியில் கூச்சிங்கில் இறங்குவதாகத்தான் திட்டம், அங்கே ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் கூச்சிங்குக்கு மேல் கன்னங்கரேல் என்று மேகம் சுவர் மாதிரி நின்றது. இறங்க முடியாது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கேப்டன் பெட்ரோலைப் பார்த்தார். "சிங்கப்பூர் வரைக்கும் போதும்" என்றார். "சாருக்குப் போதாதே கேப்டன்" என்றேன். இன்னும் இரண்டரை மணி நேரப் பயணம் இருந்தது.

பாக்கியத்தம்மாள் கெஞ்சிப் பார்த்தார். "என்னங்க, போங்களேன். யாரு பார்க்குறா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சார் முயற்சிகூடச் செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் என்னிடம் வந்து, பாதி அழுகையும் பாதி ஆத்திரமுமாகச் சொன்னார்: "வகுப்பு ஆரம்பிச்சா யாரும் எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு முப்பது வருசம் சொன்னவராம். அந்தப் பையன் முன்னாடி எப்படிக் கேக்குறதுன்னு கேக்குறாரும்மா. இந்த மனுசனை நான் என்ன பண்றது?"

நான் அப்படியே கேப்டனிடம் போய் ஒப்பித்தேன். அவர் வாயிலிருந்த மிட்டாயைக் கடித்து விழுங்கினார். பக்கத்து இருக்கையில் தொங்கிய இன்னொரு ஹெட்செட்டைக் காட்டி, "இதைச் சார் காதுல மாட்டுங்க" என்றார். மாட்டினேன். மைக்கைச் சாரின் வாயருகே வளைத்துவிட்டேன். கேப்டன் திரும்பாமல், முன்னால் மேகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். வழக்கம்போலக் கத்தியதால் எனக்கும் நன்றாகக் கேட்டது.

"சார், மணி அடிக்கிறதுக்கு முன்னாடி எங்களை எல்லாம் வரிசையா நிக்க வச்சு, 'போயிட்டு வந்தாச்சா'ன்னு கேப்பீங்க. ஞாபகம் இருக்கா? அதே கேள்வியைத்தான் நான் இன்னிக்கு வரைக்கும் எல்லார்கிட்டயும் கேக்குறேன். அதுல நீங்க கரெக்ட் சார். ஆனா அப்புறம் நான் விரலைத் தூக்கினா 'உட்காரு'ன்னு சொல்லுவீங்க. அதுல நீங்க கரெக்ட் இல்ல சார். மூணு வருசம் தூக்கினேன். ஒருநாள்கூட விடல. பதிமூணாம் வாய்ப்பாடு ஏன் வரலைங்கிறீங்க? எனக்குக் கவனம் பூரா வயித்துலதான் இருந்துச்சு!"

சாரின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சிரித்ததில் வலித்து, "ஐயோ, ஐயோ" என்றார்.

"சார், இது என்னோட கிளாஸ். இங்க என் ரூல். விரலைத் தூக்கினா போதும். இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

போர்வைக்கு வெளியே கிடந்த சாரின் வலது கை மெல்ல எழுந்தது. பிரம்பு பிடித்துக் காய்த்த கை. அதில் ஒரு விரல் மட்டும் நிமிர்ந்தது. கேப்டன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார்.

"போங்க சார்."

நான் பாட்டிலைப் பாக்கியத்தம்மாளிடம் கொடுத்துவிட்டு, திரையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மனம் சம்மதித்தும் உடம்பு சம்மதிக்கவில்லை. அந்த வலி ஊசிக்கே சிறுநீரைக் கட்டிவைக்கும் குணம் உண்டு என்று பிறகு டாக்டர் சொன்னார். சாரின் கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. அப்போது பாக்கியத்தம்மாள், நாலு பிள்ளை பெற்று வளர்த்தவர், கணவனின் வாயருகே இருந்த மைக்கில் குனிந்தார்.

"உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்."

கைக்குழந்தையைக் காலில் உட்கார வைத்து மூத்திரம் போக வைக்கச் சொல்வோமே, அதேதான். "உஸ்ஸ்ஸ்ஸ்." நானும் சேர்ந்துகொண்டேன். கேப்டனும் பொத்தானை அழுத்திக்கொண்டு, "உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்" என்று நீட்டினார். தென்சீனக் கடலுக்கு மேல் மூன்று பேர் ஓர் எழுபது வயது ஆசிரியருக்கு உஸ் கொட்டினோம். பாக்கியத்தம்மாள் சட்டென்று நிறுத்தினார். "வருது! வருது!" என்று கத்தினார். பிறகு, "இந்திராணி, இன்னொரு பாட்டில்!" என்றார்.

இரண்டாவது பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன், ஓடினேன் என்றால் தவழ்ந்தேன். அந்த நேரம் கேப்டனின் ரேடியோவில் யாரோ பேசுவது கேட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து இஞ்சினில்தான் ஏதோ என்று பயந்துவிட்டேன். நடந்தது வேறு. பதற்றத்தில் அவர் உள்ளே பேசும் பொத்தானுக்குப் பதில் வெளியே பேசும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவருடைய உஸ் அந்த வட்டாரத்தில் பறந்த அத்தனை விமானத்துக்கும், கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் சேர்த்துப் போயிருக்கிறது. 'உங்கள் விமானத்தில் காற்று கசிவது போல் சத்தம் வருகிறது, ஏதும் கோளாறா?' என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள்.

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடைப்பு ஒன்று இருந்தது. சரியாகிவிட்டது" என்று பதில் சொன்னார்.

சாரின் ஹெட்செட்டிலும் அது கேட்டிருக்கிறது. "டேய் அருளப்பா!" என்றார். முதல்முறையாக அவர் குரலில் தெம்பு இருந்தது. "ஊர் பூராவும் சொல்லிட்டியாடா?" பிறகு அப்படியே தூங்கிப்போனார். சிலேத்தாரில் சக்கரம் தரையைத் தொட்டபோதுதான் விழித்தார். கால் இம்மியும் நகரவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரை ஏற்றிப் போனபின், கேப்டன் தன் கைப்படவே பாட்டில்களைக் கழுவினார். என்னைத் தொடவிடவில்லை.

சார் தேறிவிட்டார். கைத்தடியோடு நடந்தார். மறு வருடம் அவருடைய பழைய மாணவர்கள் சேர்ந்து செராங்கூன் ரோட்டில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். நானும் கேப்டனும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் மாலையும் சால்வையுமாகச் சார் நடுநாயகமாக இருந்தார். வருகிறவர்கள் எல்லாம் அவருக்குப் பானம் கொடுத்து உபசரித்துக்கொண்டே இருந்தார்கள். நான் அதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பேச்சாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார், விடவில்லை. சாரின் ஒழுக்கத்தைப் புகழ்ந்தார். அவர் வகுப்பில் ஒரு மாணவன்கூட இடையில் எழுந்து போனது கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. அப்போது சார் எங்கள் பக்கம் பார்த்தார். மடியில் இருந்த வலது கையை உயர்த்தி, கேப்டனைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார்.

கேப்டன் எழுந்து நின்றார். அத்தனை பேர் நடுவில், ஒலிபெருக்கி தேவைப்படாத அந்தக் குரலில் சொன்னார்: "போயிட்டு வாங்க சார்."

பேச்சாளர் திகைத்து நின்றுவிட்டார். சார் சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டுக் கைத்தடியை ஊன்றிப் படியிறங்கி வந்தார். எங்களைத் தாண்டும்போது நின்று, கேப்டனைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீ போயிட்டு வந்தாச்சாடா?"

"இல்ல சார்" என்றார் கேப்டன்.

"வா" என்று சொல்லி, சார் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். இருவரும் சிரித்துக்கொண்டே பின்பக்கக் கதவு வழியாகப் போனார்கள். பிறகு நாலாவது வரிசையில் தலை நரைத்த ஒரு மாணவர் எழுந்தார், அவருக்குப் பின்னால் இன்னொருவர், இன்னொருவர். பாதி மண்டபம் அவர்கள் பின்னால் வரிசையாகப் போனது.